கதிர் நன்றாக விளைய: துரு சாகுபடிக் கையேடு



நெல்லுக்குக் கையேடு இருக்கிறது. கரும்புக்கு இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியில் வெண்டைக்காய் காய்க்க வைப்பதற்குக்கூடப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். அணு உலையின் குளிர்விப்பு நீர்ச் சுற்றில் துருவை வளர்த்து, அதில் கதிர் பிடிக்க வைத்து, அமோகமாக அறுவடை செய்வது எப்படி என்று சொல்ல மட்டும் ஆளில்லை. இந்தப் பயிரை ஒழிப்பதற்கே உலகமெங்கும் உலை வேதியியலர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடுபடுகிறார்கள். ஒழிப்பவருக்கு அலமாரி அலமாரியாகப் புத்தகம். வளர்ப்பவருக்கு ஒரு துண்டறிக்கைகூட இல்லை. அந்த ஓரவஞ்சனையைச் சரிசெய்யவே இக்கையேடு.

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இது உழைப்புக் கேட்காத பயிர். உழ வேண்டாம், இறைக்க வேண்டாம், விடியற்காலையில் எழுந்து வயலுக்கு ஓட வேண்டாம். செய்ய வேண்டிய சில காரியங்களைச் செய்யாமல் இருந்தால் போதும். மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

நிலத் தேர்வு

அழுத்தநீர் உலைதான் இதற்கேற்ற நன்செய். வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 155 மடங்கு அழுத்தத்தில், கொதிக்க விடாமல் அமுக்கி வைத்த நீர், ஏறக்குறைய 290 டிகிரி செல்சியஸில் உலைக்குள் நுழைந்து 325 டிகிரியில் வெளியேறுகிறது. வெளியேறிய நீர் நீராவிக் கலனில் மெல்லிய குழாய்கள் வழியே ஓடி, தன் சூட்டை மறுபக்கத்து நீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி உலைக்குத் திரும்புகிறது. இரவு பகல் வற்றாத வாய்க்கால். கூடங்குளத்தில் உள்ள வகை உலை ஒன்றுக்கு நான்கு நீராவிக் கலன்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 11,000 குழாய்கள். இத்தனை உலோகம் வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தால் கொஞ்சம் கரையாமலா போகும்? எத்தனை உயர்ந்த எஃகும் கரையும். எவ்வளவு மெதுவாக என்பதில்தான் எஃகுக்கு எஃகு வித்தியாசம்.

இந்த நிலத்தின் பெரிய வசதி, நாற்றங்காலும் நடவு வயலும் ஒரே வாய்க்காலில் இருப்பது. குழாய்ச் சுவரிலிருந்து கழன்ற இரும்பும் நிக்கலும் கோபால்ட்டும் நீரோடு உலையின் நடுவுக்குப் போய், எரிபொருள் தண்டுகளின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. அதுதான் நாற்றங்கால். அங்கே நியூட்ரான் மழையில் நனைந்து முளை விடுகின்றன. போகும்போது வெறும் துரு. முளைத்த பிறகு கதிரியக்கத் துரு. பிறகு தண்டைவிட்டுப் பெயர்ந்து, நீரில் மிதந்து, உலைக்கு வெளியே உள்ள குழாய், வால்வு, பம்பு, நீராவிக் கலன் என்று எல்லாச் சுவர்களிலும் போய்ப் பதிகின்றன. நாற்றுப் பறிப்பது, சுமப்பது, நடுவது எல்லாம் தண்ணீரே. கூலிச் செலவு கிடையாது.

தண்டின்மேல் படியும் அந்தக் கறுப்புப் படிவை உலைக்காரர்கள் ‘கிரட்’ என்பார்கள். கனடாவின் சாக் ரிவர் ஆய்வுக்கூடத்தில் கண்டெடுத்த ‘இனந்தெரியாத படிவு’ என்பதன் சுருக்கம் அது என்று ஒரு கட்சி. அழுக்கைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்தான், சாக் ரிவருக்கு முன்பே இருந்தது என்று இன்னொரு கட்சி. பயிருக்குப் பெயர் முக்கியமில்லை. விளைச்சல்தான் முக்கியம்.

ரகங்கள்

இரண்டு ரகங்கள் பிரசித்தம். நிக்கலில் பிறக்கும் கோபால்ட்-58 குறுவை. 71 நாளில் பாதியாகிவிடும். சட்டென்று வந்து சட்டென்று போகிற பயிர். புதிய நிலையங்களில் முதலில் தலைகாட்டுவது இதுதான்.

நீண்ட காலப் பயிர் வேண்டுமென்றால் சம்பா ரகம், கோபால்ட்-60. பாதியாக ஐந்தேகால் ஆண்டுக்கு மேல் ஆகும். பணியில் சேர்ந்த புதிதில் நட்டால், ஓய்வு பெறும் நாளிலும் கொஞ்சம் நிற்கும். ஒவ்வொரு அணுச் சிதைவிலும் இரண்டு காமாக் கதிர்கள், இரண்டும் கனத்த மணிகள். புற்றுநோய் மருத்துவமனைகளில் ‘கோபால்ட் கொடுத்தார்கள்’ என்று சொல்வோமே, அந்தக் கதிர்தான் இது. அங்கே அளந்து, குறி பார்த்து, கட்டிக்கு மட்டும் கொடுப்பார்கள். நம் வயலில் அளவும் இல்லை, குறியும் இல்லை. தாராளம்.

விதை அதிகம் வேண்டியதில்லை என்பதையும் கவனிக்க. கலப்பில்லாத கோபால்ட்-60 ஒரு கிராமுக்கு சுமார் 1,100 கியூரி கதிரியக்கம். தாலிக்குண்டு எடைகூட அவசியமில்லை. ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று கணக்குப் போடும் நெல் விவசாயி இதைக் கேட்டால் பொறாமைப்படுவார்.

விதை எங்கே கிடைக்கும்? ‘ஸ்டெல்லைட்’ என்ற கலப்புலோகத்தில். தேயாத, கீறல் விழாத முரட்டு உலோகம். வால்வின் உட்காரும் பரப்பிலும், கட்டுப்பாட்டுத் தண்டை ஏற்றி இறக்கும் இயந்திரத்திலும் பூசுவார்கள். அதில் பாதிக்கு மேல் கோபால்ட். வால்வு திறந்து மூடும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிடி விதை தெளிக்கப்படுகிறது. பழுதுபார்க்கும்போது வால்வை இழைத்துவிட்டு, இழைத்த தூளைத் துடைக்காமல் மூடிவிட்டால் விதைப்பு இன்னும் அடர்த்தி. கோபால்ட் இல்லாத இரும்புக் கலப்பு வால்வுகள் வந்துவிட்டன. பல நிலையங்கள் ஒவ்வொன்றாக மாற்றியும் விட்டன. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

நிலத்தைப் பண்படுத்தாமை

புதுத் தோசைக்கல் வாங்கினால் என்ன செய்வோம்? எண்ணெய் தடவி, சூடேற்றி, வெங்காயத்தைத் தேய்த்து, ஒரு வாரம் பழக்குவோம். கறுப்பாக ஒரு மெல்லிய பூச்சு ஏறியபின் கல் துருப்பிடிக்காது, தோசையும் ஒட்டாது. உலையையும் அப்படித்தான் பழக்குகிறார்கள், எண்ணெயும் வெங்காயமும் இல்லாமல். முதன்முதலாக இயக்குவதற்கு முன்பே ஆக்சிஜன் நீக்கிய, லேசாகக் காரம் ஏற்றிய வெந்நீரைப் பல நாள் சுழலவிடுவார்கள். கார்பன் எஃகின்மேல் மாக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடு ஒரு மெல்லிய தோலாகப் படியும். அதுவும் துருதான், ஆனால் காவல்காரத் துரு. அடியில் உள்ள இரும்பை மூடிக் காக்கும். மழையில் நனைந்த சைக்கிளில் வருமே செந்துரு, அது உரிந்து உரிந்து விழும், அடியையும் தின்னும்.

சாகுபடியாளர் செய்ய வேண்டியது எளிது. அட்டவணையில் நாள் குறைவு என்று சொல்லி, கல்லைப் பழக்காமல் முதல் நாளே தோசை வார்த்துவிடுங்கள்.

நீர் மேலாண்மை

இது கையேட்டின் முக்கியமான பகுதி. வீட்டில் வெந்நீர்க் கருவி வைத்திருப்பவர்கள் கம்பிச் சுருளின்மேல் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். அந்தச் சுண்ணாம்புப் பொருக்கோ சூட்டில் குறைவாகக் கரையும். ஆகவே, எங்கே சூடு அதிகமோ அங்கே போய்ப் படியும். உலை நீரில் உள்ள இரும்புத் துரு இந்த இரண்டு குணத்தையும் காட்டும். எந்தக் குணம் என்பதைத் தீர்மானிப்பது நீரின் காரத்தன்மை.

காரம் குறைந்தால், துரு சுண்ணாம்புக் கட்சி. நீராவிக் கலன் பக்கத்துக் குளிர்ந்த சுவரில் கரைந்து, சூடான எரிபொருள் தண்டில் வந்து படியும். நாற்றங்கால் நிரம்பும். காரம் போதுமான அளவு ஏறினால் சர்க்கரைக் கட்சிக்குத் தாவிவிடும். சூடான இடத்தில் கரைந்து, தண்டைவிட்டு விலகி ஓடும். நாற்றங்கால் காலி. அதனால்தான் வேதியியலர்கள், உலையின் சூட்டில் கணக்கிட்ட பிஎச் அளவை 7.1க்கும் 7.4க்கும் இடையில் பிடித்து வைக்கப் படாத பாடு படுகிறார்கள்.

ஏன் படாத பாடு? நீரில் வேண்டுமென்றே ஓர் அமிலம் கலந்திருப்பதால். கேரம் போர்டில் தூவுகிறோமே, அந்த போரிக் பவுடர்தான். அதிலுள்ள போரான் நியூட்ரானை விழுங்கும். புது எரிபொருள் போட்ட நாளில் உலைக்குத் துடிப்பு அதிகம் என்பதால் போரான் நிறைய வேண்டும். எரிபொருள் தீரத் தீர அதைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். அமிலம் குறையக் குறைய அதற்கேற்றபடி லித்தியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பத்து லட்சம் பங்கு நீரில் இரண்டு மூன்று பங்கு லித்தியம், அவ்வளவுதான். கூடினால் தண்டின் சிர்க்கோனியம் உறைக்கு ஆகாது. குறைந்தால் கிரட் படியும். அந்த லித்தியமும் கடையில் கிடைக்கிற லித்தியம் இல்லை. இயற்கையில் கிடைப்பதில் சுமார் 7.5 விழுக்காடு லித்தியம்-6. அது நியூட்ரான் பட்டால் டிரிட்டியம் ஆகும். அதைப் பிரித்து நீக்கிய, 99.9 விழுக்காடு லித்தியம்-7 தான் வேண்டும். ஒரு சிட்டிகை உப்புக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்! நம் பரிந்துரை: காலையில் ஒருமுறை கைக்கு வந்ததைப் போட்டுவிட்டு, பதிவேட்டில் நேற்றைய எண்ணையே எழுதிவிடுங்கள்.

உரத்துக்கு ஆக்சிஜன். இதையும் வெளியில் வாங்க வேண்டியதில்லை. கதிர்வீச்சு பட்டு நீரே உடைந்து ஆக்சிஜனும் பெராக்சைடும் உண்டாகும். இதை அடக்க, ஒரு கிலோ நீருக்கு 25 முதல் 50 கன சென்டிமீட்டர் ஹைட்ரஜனைக் கரைத்து வைக்கிறார்கள். உடைந்த நீர் மறுபடி நீராகவே கூடிவிடும். ஹைட்ரஜனைக் குறைத்துவிட்டால் அடியுரம், மேலுரம் இரண்டும் போட்ட மாதிரி.

களை மேலாண்மை

துருப் பயிருக்கு மூன்று களைகள் எதிரி.

முதலாவது, ரெசின். நீரில் ஒரு பங்கை எந்நேரமும் பிரித்தெடுத்து, அயனிகளைப் பிடித்து வைக்கும் ரெசின் மணிகள் வழியாகவும் வடிகட்டி வழியாகவும் அனுப்பித் திருப்புவார்கள். நாற்றைப் பாதி வழியிலேயே மேய்ந்துவிடும் ஆடு இது. கிடையை அடைத்து வையுங்கள்.

இரண்டாவது, துத்தநாகம். இது மிகவும் தந்திரமான களை. அமெரிக்காவில் சில கொதிநீர் உலைகளில் மட்டும் குழாய்களில் கதிர் விளைச்சல் ஏன் குறைவு என்று 1980களில் ஆராய்ந்தபோது, அந்த நிலையங்களின் கண்டன்சர் குழாய்கள் பித்தளை என்பது தெரிந்தது. பித்தளையிலிருந்து கசிந்த துத்தநாகம் நீரில் இருந்திருக்கிறது. குழாய்ச் சுவரின் ஆக்சைடுப் படிகத்தில் கோபால்ட் போய் உட்காரும் சில இடங்கள் உண்டு. அதே இடங்களில் துத்தநாகமும் உட்காரும், முந்திக்கொண்டும் உட்காரும். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே வித்தைதான். கோபால்ட் படியேறி வந்து பார்த்தால் எல்லா இருக்கையிலும் துண்டு. நின்றுகொண்டே பயணம் செய்து, கடைசியில் ரெசினில் போய் இறங்க வேண்டியதுதான்.

இதைக் கண்டபின் துத்தநாகத்தை வேண்டுமென்றே கலக்கத் தொடங்கினார்கள். 1994ல் அலபாமாவின் ஃபார்லி நிலையத்தில் அழுத்தநீர் உலைக்கும் வந்துவிட்டது. அளவு, நூறு கோடிப் பங்கு நீரில் ஐந்து, பத்துப் பங்கு. இதிலும் ஒரு வில்லங்கம்: சாதாரணத் துத்தநாகத்தில் பாதி துத்தநாகம்-64. அது நியூட்ரான் பட்டு, தானே கதிரியக்கத் துத்தநாகம்-65 ஆகிவிடும். துண்டு போட அனுப்பிய பையனே பஸ்ஸில் வம்பு வளர்த்த கதை. அதனால் துத்தநாகம்-64ஐக் குறைத்த சரக்கைத்தான் வாங்குகிறார்கள். நீங்கள் பித்தளைப் பாத்திரத்தைக்கூட நிலையத்தின் பக்கம் விடாதீர்கள்.

மூன்றாவது, உலையை நிறுத்தும்போது செய்யும் கழுவல். குளிரும் நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்ப்பார்கள். தண்டின்மேல் இருக்கும் நிக்கலும் கோபால்ட்-58உம் குபீரென்று கரைந்து வரும். ஒரு நாள், இரண்டு நாள் காத்திருந்து ரெசினில் பிடித்துவிட்டு, பிறகுதான் உலையின் மூடியைத் திறப்பார்கள். அந்த இரண்டு நாள்தான் நம் நம்பிக்கை. ‘நின்றிருக்கும் ஒவ்வொரு நாளும் இத்தனை நஷ்டம்’ என்று யாராவது ஒருவர் கணக்குக் காட்டினால் போதும், அது ஒரு நாளாகும். பிறகு அரை நாளாகும்.

மறுதாம்புச் சாகுபடி

கரும்பை வெட்டியபின் கட்டையிலிருந்து மறுபடி தழைப்பதை மறுதாம்பு என்போம். இந்தப் பயிரிலும் உண்டு. வெங்கலப் பானையைப் புளி போட்டுத் துலக்குவதுபோல, குழாய்களை சிட்ரிக் அமிலம் போன்ற லேசான கரிம அமிலங்களால் கழுவிக் கதிரியக்கத்தைக் குறைக்கலாம். நல்ல முறைதான், முறையாகச் செய்தால் நம் பயிருக்கு நாசம். ஆனால் துலக்கிய பாத்திரம்தான் மறுநாளே கறுக்கும் என்பது சமையலறை அறிந்த உண்மை. காவல் தோல் உரிந்த உலோகத்தைத் திரும்பப் பழக்காமல் விட்டால் முன்னைவிட வேகமாகக் கரையும்.

ஹங்கேரியின் பாக்ஷ் நிலையம் இதற்குச் சான்று. நீராவிக் கலன்களை 1990களின் பிற்பகுதியிலிருந்து பலமுறை அமிலத்தால் கழுவினார்கள். தொடர்ந்து, உதிர்ந்த மாக்னடைட் எரிபொருள்மேல் போய் அடைத்துக்கொண்டது. சரி, எரிபொருளையும் கழுவுவோம் என்று ஒரு தொட்டி செய்தார்கள். முதலில் 7 எரிபொருள் கட்டுகள் பிடிக்கும் சிறு தொட்டி. ஒழுங்காக வேலை செய்தது. வேகம் போதாதென்று 30 கட்டுகளுக்குப் பெரிய தொட்டி. 2003 ஏப்ரல் 10 அன்று கழுவி முடிந்தது. மூடியைத் திறக்க கிரேன் வேறு வேலையில் இருந்ததால், தொட்டியில் எரிபொருள் காத்திருந்தது. எரிபொருளுக்குக் காத்திருக்கத் தெரியும், ஆறத் தெரியாது. போதிய நீரோட்டம் இல்லாமல் உள்ளே நீராவி கட்டி, சூடேறி, மூடியைத் தளர்த்தியதும் குளிர்ந்த நீர் பாய்ந்து, 30 கட்டுகளும் நொறுங்கின. சர்வதேச அணு நிகழ்வு அளவுகோலில் மூன்றாம் படி நிகழ்வு. துருவைக் கழுவப் போய், துருவைக் கழுவியதால் வந்த துருவைக் கழுவப் போய் நடந்தது இது. மறுதாம்பு என்றால் இதுவல்லவா மறுதாம்பு!

அறுவடை

உலை ஓடும்போது இந்தப் பயிரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஷட்டவுனில்தான் அறுவடை. பணியாளர்கள் வாங்கும் ஆண்டுக் கதிர்வீச்சு டோஸில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில்தான் சேர்கிறது. வால்வைப் பிரிப்பவர், வெல்டிங் வைப்பவர், சாரம் கட்டுபவர், குழாயின் காப்புறையைக் கழற்றுபவர். கதிர் அறுப்பவர்கள் இவர்கள்தான். பயிரிட்டவர் பெரும்பாலும் அலுவலகத்தில் இருப்பார்.

இந்திய விதிப்படி ஒரு பணியாளர் ஐந்து ஆண்டுகளில் 100 மில்லிசீவர்ட்டுக்கு மேலும், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேலும் வாங்கக் கூடாது. விளைச்சல் அமோகமானால் ஒருவருடைய கணக்கு சீக்கிரம் நிரம்பிவிடும். அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். 1970களில் அமெரிக்காவில் நீராவிக் கலனின் வாய்க்குள் புகுந்து, ஒரு சில நிமிடம் வேலை பார்த்துவிட்டு வெளியே குதிக்கத் தற்காலிக ஆட்களை எடுத்தார்கள். ‘ஜம்பர்’ என்றே பெயர். ஒரு குழாயை அடைக்க ஒரு வரிசை ஆட்கள். கிராம் கணக்கில்கூடச் சொல்ல முடியாத கோபால்ட், ஒரு மனிதனின் ஆண்டு வேலையைச் சில நிமிடங்களாகச் சுருக்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உழவர் கேள்வி, நமது பதில்

கேள்வி: எங்களுடையது கல்பாக்கத்தில் உள்ளது போன்ற கனநீர் உலை. எங்களுக்கும் விளையுமா?

பதில்: கனநீர் உலையில் உலையிலிருந்து கிளம்பும் ஊட்டுக் குழாய்கள் கார்பன் எஃகு. அருமையான மண், மாக்னடைட் நன்றாக வரும். ஆனால் உங்கள் ஊரில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நீர்-நீராவி வேதியியல் பிரிவு இருக்கிறது. கழுவும் முறைகளை அங்கே உட்கார்ந்து செதுக்குகிறார்கள். அவர்களையும் திகைக்க வைத்த ஒரு வரவு உண்டு: பம்புகளின் உட்பாகங்களிலிருந்து வரும் ஆன்டிமனி. கோபால்ட்டைக் கழுவ ஊற்றிய கரைசலில் இது சில இடங்களில் போய்ப் படிந்து, கழுவக் கழுவக் கதிரியக்கம் ஏறியது. ஊடுபயிராக யோசிக்கலாம். ஆனால் அதற்கும் மருந்து தேடி அலைகிறார்கள்.

கேள்வி: கூடங்குளத்தில் இருப்பதுபோல ரஷ்ய வகை உலை. லித்தியம் வாங்குவதில்லையே?

பதில்: அங்கே காரத்துக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஹைட்ரஜனுக்கு அம்மோனியா. விலையுயர்ந்த லித்தியம்-7 தேடி அலைய வேண்டாம். அடுப்பு வேறானாலும் பக்குவம் ஒன்றுதான். பக்குவம் தவறினால் விளையும்.

கேள்வி: உள்ளே வளர்க்க இத்தனை எதிரிகளா! வெளிப்புறத்தில் வளர்க்க முடியாதா?

பதில்: அருமையான கேள்வி. முன்னோடிப் பண்ணை ஒன்றைப் பார்க்கலாம் வாருங்கள்.

முன்னோடிப் பண்ணை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், ஈரி ஏரிக்கரையில் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையம். உலைக்கலனின் தலைமூடி, ஆறரை அங்குலக் கனமான எஃகு. உட்புறம் மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துருப்பிடிக்காத எஃகுப் பூச்சு. மூடியைத் துளைத்துக்கொண்டு கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்கான குழல்கள் மேலே வரும். அந்தக் குழல்களின் உலோகம் நாளடைவில் விரிசல் விடும் என்பது பிரான்சின் பூஜே நிலையத்தில் 1991லேயே தெரிந்துவிட்ட சேதி.

டேவிஸ்-பெஸ்ஸியில் ஒரு குழலில் விரிசல் விட்டு நீர் துளித்துளியாகக் கசிந்தது. சூட்டில் நீர் ஆவியாகும். போரிக் அமிலம் தங்கும். கேரம் பவுடராக நீரில் கரைந்து கிடந்தவரை சாது. ஈரத்தோடு கெட்டிப்பட்டுச் சூடேறியதும் கார்பன் எஃகை வெல்லம்போல் தின்னத் தொடங்கியது.

இனி பண்ணையாளரின் பொறுமையைக் கவனியுங்கள். மூடியை நன்றாகப் பார்க்கவும் கழுவவும் அதன்மேல் உள்ள அமைப்பில் பெரிய வாசல்கள் வெட்ட வேண்டும் என்ற யோசனை 1990லிருந்தே இருந்தது, தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இருந்தவை எலிவளை என்று அவர்களே பெயர் வைத்த சிறு ஓட்டைகள். 1999 வாக்கில் கட்டடத்துக் காற்றைச் சோதிக்கும் கருவியின் வடிகட்டிகள் செம்பழுப்புப் பொடியால் அடைபடத் தொடங்கின. பொடியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இரும்புத் துரு என்று பதில் வந்தது. எங்கோ நீராவி கசிகிறது போலும் என்று வைத்துக்கொண்டார்கள். ‘எங்கோ’ என்ற சொல்லைவிடச் சிறந்த உரம் இந்தப் பயிருக்கு இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. வடிகட்டிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றும் நிலை வந்தது. மாற்றினார்கள். காற்றுக் குளிர்விகளில் வெள்ளை அப்பியது. கழுவினார்கள். 2000ஆம் ஆண்டு ஷட்டவுனில் எடுத்த ஒரு புகைப்படத்தில், எலிவளைகளிலிருந்து செக்கச்செவேலென்று துரு வழிந்து இறங்குகிறது. முடிந்தவரை கழுவிவிட்டு, மீதியை வைத்துக்கொண்டே உலையை ஓட்டினார்கள்.

2001ல் வேறொரு நிலையத்தில் மோசமான விரிசல்கள் தெரியவந்ததும், அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் நிறுத்திச் சோதியுங்கள் என்றது அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். பேச்சுவார்த்தை நடந்து 2002 பிப்ரவரி 16 வரை அவகாசம் கிடைத்தது. மார்ச்சில் ஒரு குழலைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது அது அசைந்தது. பிடித்து நிற்க அதைச் சுற்றி எஃகு இல்லை. ஆறு அங்குலத்துக்கும் மேல் ஆழமான பள்ளம். 150 மடங்கு அழுத்தத்தைத் தாங்கி நின்றது உட்புறத்து மெல்லிய பூச்சு மட்டும். அதுவும் வெளியே உப்பியிருந்தது.

மகசூல்: ஈராண்டு உலை நிறுத்தம், மிச்சிகனில் கட்டி முடிக்காமல் விட்ட ஒரு நிலையத்திலிருந்து வாங்கி வந்து பொருத்திய வேறு தலைமூடி, 2005ல் ஆணையம் விதித்த 54.5 லட்சம் டாலர் அபராதம். 2006ல் நீதித்துறையோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி மேலும் 2.8 கோடி டாலர்.

கடைசிக் குறிப்பு

டேவிஸ்-பெஸ்ஸியில் ஒருவருக்கும் காயம் இல்லை. அதனால்தான் கையேடு எழுதி விளையாட முடிகிறது. ஜப்பானின் மிஹாமா அணுமின் நிலையத்தில் அப்படி நடக்கவில்லை. அங்கே மூன்றாவது உலையின் இரண்டாம் நீர்ச் சுற்றில், கதிரியக்கமே இல்லாத பக்கத்தில், ஒரு குழாய். 1976ல் ஓடத் தொடங்கியபோது 10 மில்லிமீட்டர் கனம். ஓடும் நீர் உள்ளிருந்து அரித்துக்கொண்டே வந்தது. சோதிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அந்த இடம் விடுபட்டிருந்தது. விடுபட்டதையும் உரிய காலத்தில் யாரும் சரிசெய்யவில்லை. 2004 ஆகஸ்ட் 9 அன்று அது வெடித்தபோது அந்தக் கனத்தில் சொற்பமே மிஞ்சியிருந்தது. அடுத்த சில நாட்களில் தொடங்கவிருந்த ஷட்டவுனுக்காக முன்னேற்பாடு செய்துகொண்டிருந்தவர்கள்மேல் கொதிநீரும் ஆவியும் பாய்ந்தன. ஐந்து பேர் இறந்தார்கள்.

ஆக, உழவர்களே, இந்தப் பயிருக்கு வறட்சி இல்லை, வெள்ளம் இல்லை. காரத்தின் அளவு பிசகினால் பதிவேட்டில் தெரியும். குழாய் மெலிந்தால் கருவியில் தெரியும். மூடி அரித்தால் காற்றிலேயே பொடி பறக்கும். துரு எதையும் மறைப்பதில்லை. அதன் அஞ்சல் எல்லாம் திறந்த அட்டைதான். ஆகவே பயிரைக் காக்க வேண்டியது ஒரே ஒரு பூச்சியிடமிருந்து. வடிகட்டி மாற்றப் போன ஒருவர், கையுறையில் ஒட்டிய செம்பொடியைத் தட்டிவிடாமல், அப்படியே கொண்டுவந்து மேலதிகாரியின் மேஜையில் வைத்து, “சார், இது எங்கேயிருந்து வருது?” என்று கேட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்பார்.

அப்படி ஒருவர் உங்கள் நிலையத்தில் இருந்தால் கவனமாக இருங்கள். புது வடிகட்டி ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள். மேஜையைத் துடைத்து வையுங்கள்.